ஏறுவது ஒரு வேலை, தங்குவது இன்னொரு வேலை

சனிக்கிழமைகளில் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் தரம் ஆறில் படிக்கும் பையன் ஒருவன் இலங்கையின் ஆறுகளைப் படித்தான். மகாவலி எங்கே கடலில் விழுகிறது, களனி எங்கே, களு கங்கை எங்கே, வளவை எங்கே. அன்று பின்னேரம் ஒரு பிழை இல்லாமல் சொன்னான். அடுத்த சனிக்கிழமை கேட்டால் மகாவலியைத் தவிர எல்லாம் போய்விட்டது. அவனைக் கூட்டிப்போக வந்த அம்மா, இடுப்பில் கட்டிய படங்கோடு வாசலிலேயே நின்று, "இவனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது டீச்சர்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏறியது. நான் என் காதால் கேட்டேன். ஏறியது தங்கவில்லை, அவ்வளவுதான். ஏறுவதும் தங்குவதும் மூளைக்கு இரண்டு தனித்தனி வேலைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பாடுபடுகிற உறுப்பின் பெயர் ஹிப்போகாம்பஸ். அன்று வாசலில் நின்று அந்த அம்மாவுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

ஹிப்போகாம்பஸ் ஒன்றல்ல, இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. காதை ஒட்டியிருக்கும் மூளைப் பகுதியின் உள்மடிப்பில் ஆழமாகப் படுத்திருக்கிறது. நீளம் 4 அல்லது 5 சென்ரிமீற்றர், தடிமன் ஏறத்தாழச் சுண்டுவிரல். 1587இல் இத்தாலிய உடற்கூற்று ஆசிரியர் அரான்சி இதைப் பற்றி எழுதியபோது, தலை பெருத்து வால் வளைந்திருந்த அந்த உருவம் அவருக்குக் கடற்குதிரையை நினைவூட்டியது. ஹிப்போகாம்பஸ் என்ற சொல்லுக்குப் பொருளும் அதுதான். கடற்குதிரையைப் பார்த்திராத நம் மலைப் பிள்ளைகளுக்கு நான் கஜுக் கொட்டையைக் காட்டுவேன். அதை இழுத்து நீட்டினால் கிட்டத்தட்ட அந்த வடிவம் வந்துவிடும்.

பெயர் வைத்து 350 வருடங்களுக்கு மேலாகியும் அதன் வேலை என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிய வந்த கதை துயரமானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹென்றி மொலைசன் என்று ஓர் இளைஞர் இருந்தார். சிறு வயதிலிருந்தே வலிப்பு. மருந்துகளுக்கு அடங்கவில்லை, ஒழுங்காக வேலைக்குப் போக முடியாத நிலை. 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியையும், அருகிலிருந்த சில பகுதிகளையும் சேர்த்து அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை, அவருக்குப் புதிதாக நடந்தது எதுவும் மனதில் தங்கவே இல்லை என்றே சொல்லலாம்.

மொன்றியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் வந்து பல வருடங்கள் அவரைப் பார்த்துப் பேசிக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு முறையும் மில்னர் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மொலைசனின் புத்தி குறையவில்லை, பேச்சு குறையவில்லை, நல்ல சுபாவமும் குறையவில்லை. சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார். ஒரு முறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள். மனதுக்குள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, கூட்டிக் கழித்து, கால் மணி நேரம் விடாமல் பிடித்து வைத்திருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அப்புறம் எண்ணும் போய்விட்டது, எண்ணை நினைவில் வைக்கச் சொன்னதும் போய்விட்டது.

மில்னர் இன்னொன்றையும் செய்து பார்த்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை ஒட்டிக் கோடு வரைய வேண்டும். கை எதிர்ப்பக்கமாக ஓடுவதுபோல் தெரியும். யாருக்கும் முதலில் கோணல்மாணலாகத்தான் வரும். மொலைசன் மூன்று நாள் அதைப் பழகினார். நாளுக்கு நாள் கோடு நேராகிக்கொண்டே வந்தது. ஆனால் மூன்றாம் நாளும், இந்த வேலையை இதற்குமுன் தான் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். கை கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதை அவர் அறியவில்லை.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஞாபகம்தான் வந்தது. அம்மாயி 14 வயதில் பேர் பதிந்து 40 வருடங்களுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது, அல்சைமர் என்று சொன்னார்கள். இந்த நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. அதற்கு வாசல்படிபோல் இருக்கும் மூளைப் பகுதியும் சேர்ந்தே அடிபடும். காலையில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே "எனக்கு இன்னைக்கு யாரும் தண்ணி குடுக்கலையே" என்பார். ஆனால் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனதை அப்படியே சொல்வார். ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய அந்த ரயில் நின்றது, ஜன்னல் கம்பியை அக்கா பிடித்திருந்தது, கோச்சி நகர்ந்தபோது தான் கூடவே ஓடியது, தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு வந்த முதல் கடுதாசி. பெட்டியின் நிறம் உட்படச் சொல்வார்.

அப்புறம் அவர் கை. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடி வரிசை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய் விட்டால் விரல்கள் தாமாகவே ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றிய இலையை விட்டுவிட்டு, இரண்டு கையும் மாறி மாறி. அதில் ஒரு பிழை வராது. என் பெயர் மறந்துபோன பிறகும் அது போகவில்லை.

மொலைசனும் அம்மாயியும் ஒரே விசயத்தைத்தான் காட்டுகிறார்கள். கை பழகிய வேலை மூளி என்கிற சிறுமூளையிலும், மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறு முடிச்சுகளிலும் பதிகிறது. அதற்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை. ஒரு கணம் மனதில் பிடித்து வைப்பதற்கும் பெரும்பாலும் அது தேவையில்லை. மிகப் பழைய நினைவுகள் மூளையின் மேற்பட்டையில், அதாவது நெளிநெளியாகத் தெரிகிற வெளிப்பகுதியில், ஆழமாக ஊன்றிவிட்டவை. இன்று நடந்ததை, இன்று கேட்டதை, இன்று படித்ததை நாளைக்குக் கொண்டுபோவதுதான் ஹிப்போகாம்பஸின் வேலை. அந்தப் பாலம் உடைந்தால் இந்தக் கரையும் இருக்கும், அந்தக் கரையும் இருக்கும், நடுவில் எதுவும் கடக்காது. நோய் முற்றும்போது மேற்பட்டையும் பாதிக்கப்படும். கடைசி ஒரு வருடம் அம்மாயிக்கு ஒப்பாரிக் கோச்சியும் போய்விட்டது.

சரி, கொண்டுபோவது என்றால் எப்படி?

ஒரு நாளின் நினைவு மூளையில் ஒரே இடத்தில் மூட்டையாகக் கிடப்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கரகத்தின் ஆட்டத்தைப் பார்த்தது தலையின் பின்பக்கத்து மேற்பட்டை. தப்புச் சத்தத்தைக் கேட்டது காதுப் பக்கத்தில் இருப்பது. குளிரில் பாதம் விறைத்ததை உணர்ந்தது உச்சிப் பக்கம். சூட வாசனை இன்னோர் இடம். எல்லாம் தனித்தனிப் பூக்கள். ஒரே கணத்தில் மலர்ந்த அந்தப் பூக்களைச் சேர்த்துத் தொடுக்கிற நார்தான் ஹிப்போகாம்பஸ். பூ அதனிடம் இல்லை. எந்தப் பூவோடு எந்தப் பூ சேர்ந்திருந்தது என்ற கட்டு அதனிடம் இருக்கிறது.

இதனால்தான் ஒரு பூவைப் பிடித்து இழுத்தால் முழு மாலையும் வருகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் நம் பிள்ளை ஒருவன், பக்கத்துக் கோயிலில் சூடம் கொளுத்தும் வாசனை பட்டதும் ஒரு நொடி தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிறான் அல்லவா? ஹிப்போகாம்பஸுக்குள் சி.ஏ.3 என்று ஒரு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் வெளியே மட்டுமல்லாமல் ஒன்றோடொன்றும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. அதில் ஒரு மூலையைத் தொட்டால் போதும், அன்று சேர்ந்து விழித்த கலங்கள் எல்லாம் மறுபடி விழிக்கும். அவை மேற்பட்டையில் உரிய இடங்களைத் தட்டி எழுப்பும்.

இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்ய அதற்கு முன்வாசலில் இன்னொரு பகுதி இருக்கிறது. டென்டேட் கைரஸ் என்று பெயர். ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்து வைப்பது அதன் பொறுப்பு. நேற்றும் கூடையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இறக்கி வைத்தீர்கள், இன்றும் வைத்தீர்கள், முந்தாநாளும் வைத்தீர்கள். இன்று வைத்த இடம் எது என்பது நேற்றைய இடத்தோடு குழம்பக் கூடாது. ஒரே மாதிரி நாட்கள் வரிசையாக வரும்போது இந்தப் பகுதிக்குக் கடும் வேலை. வயது ஏற ஏற இது சளைக்கிறது. பெரியவர்கள் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. பாடத்திலும் அதே கதைதான். களனி, களு என்று இரண்டும் க-வில் தொடங்கி, இரண்டும் சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, இரண்டும் மேற்குக் கடலில் விழுகின்றன. ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டையும் கொடுத்தால் பிள்ளைக்குக் குழம்பாமல் என்ன செய்யும்? அந்தப் பிழை என்னுடையது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். நார் என்று சொன்னேனே, அது என்ன பொருளால் ஆனது? இரண்டு நரம்புக் கலங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. சினாப்ஸ் என்பார்கள். இந்தப் பக்கத்துக் கலம் ஒரு இரசாயனத்தைச் சொரியும், அந்தப் பக்கத்துக் கலம் அதை வாங்கி விழிக்கும். 1966இல் நோர்வேயின் ஒஸ்லோவில் தெரியே லோமோ என்ற இளம் ஆய்வாளர் முயலின் ஹிப்போகாம்பஸில் ஒன்றைக் கவனித்தார். ஒரு பாதையில் விரைவாக, அடுத்தடுத்து மின்துடிப்புகளைக் கொடுத்தால், அதன் பிறகு அதே பாதையில் ஒரு சின்னத் துடிப்புக்கும் முன்னைவிடப் பெரிய பதில் வந்தது. அந்த மாற்றம் மணிக்கணக்காக நின்றது. டிம் பிளிஸுடன் சேர்ந்து அவர் இதை விரிவாக ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். சினாப்ஸ் தன் பலத்தை மாற்றிக்கொள்கிறது, மாற்றியதை வைத்துக்கொள்கிறது என்பது அப்போது தெளிவானது.

எப்போது மாற்றிக்கொள்கிறது என்பதுதான் அழகு. வாங்கும் கலத்தின் மேல் என்.எம்.டி.ஏ என்ற ஒரு வகை வாயில் இருக்கிறது. சாதாரண நேரத்தில் மக்னீசியம் துணுக்கொன்று அதை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்து இரசாயனம் வர வேண்டும், அதே நேரத்தில் இந்தக் கலமும் விழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் மட்டுமே அடைப்பு விலகி, கல்சியம் உள்ளே பாயும். அந்தக் கல்சியம் சினாப்ஸைப் பலப்படுத்தும் வேலையைத் தொடங்கிவைக்கும். இரண்டு விசயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன என்பதை அறிகிற வாயில் அது. நாரால் கட்டுவது என்று நான் சொன்னது கடைசியில் இந்த வாயில் திறப்பதைத்தான்.

மதுவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதிகமான மது இந்த வாயிலை மழுங்கடிக்கிறது. நிறையக் குடித்தவர் அந்த நேரத்தில் நடப்பார், பேசுவார், சண்டையும் போடுவார். காலையில் ஒன்றும் தெரியாது என்பார். பல சமயம் அது உண்மை. அவர் மறக்கவில்லை, அன்றிரவு எதுவும் பதியவே இல்லை. ஆனால் அவருக்குப் பதியாத அந்த இரவு, மூலையில் விழித்துக் கிடந்த பிள்ளைக்கு நன்றாகப் பதிந்திருக்கும். பயம் சேர்ந்த நினைவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அமிக்டலா என்ற பகுதி கூடுதல் பலம் கொடுக்கும்.

சினாப்ஸ் பலப்படத் தொடங்குவது நிமிடங்களில் நடக்கும். அந்தப் பலம் நிலைத்து நிற்பதற்குக் கலம் புதுப் புரதங்களைச் செய்ய வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். பிறகு ஹிப்போகாம்பஸ் கட்டியதை மேற்பட்டை தானே தாங்கிக்கொள்ளக் கற்க வேண்டும். அதற்கு நாட்கள், வாரங்கள், சில நினைவுகளுக்கு வருடங்கள்கூட ஆகும். மொலைசனுக்குச் சத்திரசிகிச்சைக்கு முந்திய சில வருடங்களின் நினைவும் மங்கித்தான் இருந்தது. அவை இன்னும் முழுதாகக் கரை சேரவில்லை.

இந்தக் கரை சேர்க்கும் வேலையின் பெரும்பங்கு இரவில் நடக்கிறது.

தேயிலையைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பகலெல்லாம் எடுத்த கொழுந்து பின்னேரம் நிறுவையாகி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகிறது. போன உடனே அரைப்பதில்லை. இரவு முழுக்கத் தொட்டியில் பரப்பி, காற்று விட்டு வாட்டுகிறார்கள். வாடாத கொழுந்தை அரைத்தால் தேயிலை வராது. தோட்டமே தூங்கும்போது ஸ்டோரில் மட்டும் விளக்கு எரிகிறது. மூளையிலும் அப்படித்தான். 1994இல் மத்தியூ வில்சனும் புரூஸ் மெக்னோட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் கலங்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எலி ஓடியபோது எந்தெந்தக் கலங்கள் சேர்ந்து துடித்தனவோ, அவையே அதன் பிறகு வந்த தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. பின்னால் வந்த ஆய்வுகளில், ஓடிய பாதை அதே வரிசையில், ஆனால் பல மடங்கு வேகத்தில், ஆழ்ந்த தூக்கத்தில் திரும்ப ஓடுவதும் தெரிந்தது. ஹிப்போகாம்பஸ் அன்றைய நாளை மேற்பட்டைக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுக்கிறது. ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்தில் 1 கிலோ தேயிலைதான் கிடைக்கிறது அல்லவா, இங்கேயும் எல்லாம் மிஞ்சுவதில்லை. நாளின் சாரம் நிற்கும், மற்றது உலர்ந்து போகும்.

ஸ்டோர் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. கொழுந்து மடுவத்தை விட்டு முழுசாகப் போய்விடும். நினைவு அப்படி இடம் மாறிப் போய்விடுவதில்லை. காட்சியும் ஒலியும் தெளிவாகத் தெரியும்படி ஒரு நாளை மனதில் மறுபடி வாழ்ந்து பார்ப்பதற்கு ஹிப்போகாம்பஸ் எத்தனை வருடம் கழித்தும் தேவைப்படும் என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பரீட்சை நெருங்கினால் நம் வீடுகளில் பிள்ளைகளை இரவு 1 மணிவரை உட்கார்த்தி, 4 மணிக்கு எழுப்பிவிடுவது நடக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மா எழும்பும்போதே பிள்ளையும் எழும்ப வேண்டும். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 3 மணி நேரத் தூக்கம் பகலில் படித்ததையும் சேர்த்துக் கெடுக்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி. புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கும் இதில் விலக்கில்லை.

ஹிப்போகாம்பஸின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நினைவும் பாதையும் அதற்கு ஒரே வீடு. 1971இல் லண்டனில் ஜோன் ஓகீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் விசித்திரமான கலங்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் ஒரு கலம் துடிக்கும். வேறு இடத்துக்குப் போனால் அது அடங்கி வேறொன்று துடிக்கும். இடக் கலங்கள் என்று பெயர் வந்தது. விளக்கை அணைத்த பிறகும் அவை தங்கள் இடத்தை விடாமல் துடித்ததைப் பிறகு கண்டார்கள். 2005இல் நோர்வேயில் மே பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அதன் வாசல்பகுதியில் இன்னொரு வகைக் கலங்களைக் கண்டார்கள். இவை தரையையே முக்கோண முக்கோணமாகக் கட்டம் போட்டு அளக்கின்றன. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.

மார்கழியில் பின்னேரம் 4 மணிக்கே பனி மூட்டம் இறங்கி, நீட்டிய கை தெரியாது. வெளியூரார் அப்படியே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாத் தேயிலை வரிசையும் ஒன்றுதான். கூடையோடு இறங்கி வரும் நம் பெண்கள் குறுக்குப் பாதையில் எந்தக் கல் ஆடும், எந்த வளைவில் கான் வரும் என்று அறிந்து லயத்து வாசலுக்கு வந்து சேர்வார்கள். காலும் கையும் பழகியதால் மட்டும் இது நடப்பதில்லை. மலையின் முழுப் படமும் அவர்களின் ஹிப்போகாம்பஸில் விரிந்து கிடக்கிறது. படிப்பில்லாதவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒருவர், பெரிய மலை ஒன்றை முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

லண்டன் டாக்ஸிச் சாரதிகள் உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிய வேண்டும். படித்து முடிக்க 3, 4 வருடங்கள் ஆகும். எலினோர் மகுவாயர் 2000இல் அவர்களின் மூளையைப் படமெடுத்தபோது ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால் சாரதியானார்களா, சாரதியானதால் பெரிதானதா? அதையும் அவர் குழு விடவில்லை. பயிற்சி தொடங்குமுன் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை என்று படமெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. படித்துத் தேறியவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. வளர்ந்த மனிதரின் மூளையே படிப்பால் மாறுகிறது என்றால், 11 வயதுப் பையனைப் பார்த்து "ஏறாது" என்று எப்படிச் சொல்வது?

அவனோடு நான் மூன்று விசயங்களை மாற்றினேன். முதலாவது, புத்தகத்தை மூடிவைத்துக் கேட்பது. திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வரும், அது ஏமாற்றிவிடும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் மாணவர்களைக் கொண்டு சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நினைவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டு இறுகுகிறது.

இரண்டாவது, இடைவெளி. ஒரே சனிக்கிழமையில் நாலு ஆறையும் கொட்டாமல், ஒரு வாரத்துக்கு ஒன்று, பழையதையும் சேர்த்துக் கேட்பது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தது இது. அர்த்தமில்லாத அசைகளைப் படித்தால் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது, பிறகு மெதுவாகத் தேய்கிறது. ஆனால் மறந்ததாக நினைத்ததை மறுபடி படிக்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும். முழுசாக எதுவும் போய்விடவில்லை. பிள்ளை மறந்துவிட்டு வந்து நிற்கும்போது நான் இப்போது பதறுவதில்லை. இரண்டாம் தடவை சொல்லிக்கொடுக்க அது சரியான நேரம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஏற்கெனவே மனதில் இருக்கும் ஒன்றோடு புதியதைச் சேர்ப்பது. எடின்பரோவில் ரிச்சர்ட் மோரிஸின் குழு 2007இல் எலிகளுக்கு எந்தச் சுவை உணவு எந்த இடத்தில் இருக்கும் என்று பல வாரம் பழக்கியது. அந்த வரைபடம் மனதில் ஊன்றிய பிறகு, புதிய சுவையும் இடமும் ஒரே முறையில் பதிந்தன. 48 மணி நேரத்துக்குள் அந்தப் புதிய நினைவு ஹிப்போகாம்பஸ் இல்லாமலும் நின்றது. தெரிந்த கொடியில் புது மொட்டு விரைவாக ஒட்டுகிறது.

பிரம்பை நான் எடுப்பதில்லை. சின்னப் பதற்றம் நினைவைக் கூர்மையாக்கும் என்பது உண்மை. ஆனால் நாளும் பொழுதும் தொடரும் பயத்தில் கோட்டிசோல் என்ற ஓமோன் உடம்பில் ஏறி நிற்கும். அதை வாங்கும் வாயில்கள் ஹிப்போகாம்பஸில் மிக அதிகம். நீண்ட காலம் அப்படி இருந்தால் அங்குள்ள கலங்களின் கிளைகள் சுருங்குவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். அடிவாங்கிய பிள்ளைக்குப் பாடத்தைவிடப் பிரம்புதான் நன்றாக நினைவிருக்கும்.

அந்தப் பையனின் லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. துணி துவைப்பதும் குளிப்பதும் அதில்தான். "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டேன். "கீழ டேமுக்கு" என்றான். மவுசாக்கலை நீர்த்தேக்கம் அவன் தினமும் பார்ப்பது. அதிலிருந்து மஸ்கெலி ஓயா இறங்குகிறது, நோர்வூட் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயா அதோடு சேர்கிறது, சேர்ந்தால் களனி கங்கை. அன்று அவ்வளவுதான் படித்தோம். அடுத்த வாரம் புத்தகத்தை மூடி அவனையே சொல்லச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும். களு கங்கைக்குப் போக ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள் அவன் அம்மா வந்தபோது, வாசிகசாலை முற்றத்து ஈர மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தான். லயம், ஓடை, டேம், இரண்டு ஓயா, ஒரு பெரிய ஆறு. அம்மா குனிந்து பார்த்தார்.

"நம்ம தண்ணியா கொழும்பு வரைக்கும் போகுது?"

"ஆமாம்மா. மட்டக்குளிப் பக்கம் கடல்ல விழுது."